கடல் தாண்டிய கடைக்குக் கணக்கே வேலி

நம் லாங் பஜாரில் கடை கட்டும் நேரத்துப் பேச்சு சில ஆண்டுகளாக மாறி வருவதை உறுப்பினர்கள் கவனித்திருப்பீர்கள். துவரம்பருப்பு விலை, வெல்லம் வரத்து, லாரி வாடகை என்று தொடங்கும் பேச்சு, "பையன் துபாயில் மளிகைக் கடை போடப் போகிறான்", "மைத்துனர் சிங்கப்பூர்க் கடையில் பங்கு சேரச் சொல்கிறார்" என்று போய் முடிகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் வழக்கம் பழையது. சம்பளத்துக்குப் போன குடும்பங்களின் அடுத்த தலைமுறை அங்கே முதலாளியாக நினைப்பது மகிழ்ச்சிக்குரியதே. யாரையும் தடுப்பதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் இப்படிப் போகிறவர்களிடம் விசாரித்தால் கடை வாடகை தெரிகிறது, லைசென்ஸ் செலவு தெரிகிறது, எந்தச் சரக்கு ஓடும் என்பதும் தெரிகிறது. "கணக்கை யார் எழுதுவார்கள்? சரக்குக்கு எவ்வளவு தொகைக்கு இன்சூரன்ஸ்? அங்கே வரிப் பதிவு எப்போது? இங்கே வருமான வரிக் கணக்கில் எங்கே காட்டுவீர்கள்?" என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் போகப் போகப் பார்த்துக் கொள்ளலாம்" என்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. வெளிநாட்டுக் கடைக்கும், லாங் பஜாரில் இருக்கும் பூர்வீகக் கடைக்கும் நடுவே ஒரு வேலி வேண்டும். கணக்கு, இன்சூரன்ஸ், வரி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அந்த வேலி. அது இல்லாவிட்டால் அங்கே விழுகிற நஷ்டம் அங்கேயே நிற்காது. இங்கே உள்ள கடையையும் வீட்டுப் பத்திரத்தையும் தேடி வந்து சேரும்.

"அங்கே வரியே இல்லை" என்பது பழைய கதை

துபாய் என்றதும் நம்மவர்கள் முதலில் சொல்வது, "அங்கே வரியே கிடையாது" என்பதுதான். ஒரு காலத்தில் அது உண்மை. இன்று உண்மையல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத வாட் வரி நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூன் 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் வரவு செலவு ஆண்டுகளுக்குக் கம்பெனி வரியும் வந்துவிட்டது. லாபத்தில் முதல் 3,75,000 திர்ஹாமுக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 9 சதவீதம்.

இங்கே ஒரு குழப்பம் நேர்கிறது. வாட் பதிவுக்கும் அதே 3,75,000 திர்ஹாம்தான் வரம்பு. இரண்டு இடத்திலும் ஒரே எண் என்பதால், "நமக்கு அவ்வளவு வராது" என்று இரண்டையும் சேர்த்து ஒதுக்கி விடுகிறார்கள். கம்பெனி வரியில் அந்த எண் லாபத்தைக் குறிக்கிறது. வாட் வரியில் அது 12 மாத விற்றுமுதலைக் குறிக்கிறது. 3,75,000 திர்ஹாமை 365 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,030 திர்ஹாம் வியாபாரம் நடந்தாலே போதும், வாட் பதிவு கட்டாயம். ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் ஆண்டுக்கு 90 லட்சம் ரூபாய் விற்பனைதான். மக்கள் நடமாட்டம் உள்ள தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு அது பெரிய தொகை அல்ல.

நம் ஊர்ப் பழக்கத்தால் இன்னொரு தவறும் நேரக்கூடும். இங்கே மூட்டையிலிருந்து சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசி, பருப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை, 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பையில் அடைத்து விவரம் அச்சிட்ட அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் வந்தது. அமீரகத்தில் அப்படிச் சில்லறை, பாக்கெட் என்ற வேறுபாடு கிடையாது. உணவுப் பொருளுக்கும் 5 சதவீதம் உண்டு. ஆம்பூர் பிரியாணிக்கு வேண்டிய சீரகச் சம்பாவை இங்கே விற்கிற நினைப்பிலேயே அங்கே விலை போட்டால், வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைக் கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கட்ட வேண்டியதாகும். மளிகையில் நிற்கும் லாபமே சொற்பம். அதில் 5 சதவீதம் போனால் மிச்சம் என்ன?

கம்பெனி வரியில் சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை தந்திருக்கிறார்கள். விற்றுமுதல் 30 லட்சம் திர்ஹாமுக்கு மேற்படாத நிறுவனம், 2026 டிசம்பர் 31 அல்லது அதற்கு முன் முடியும் வரி ஆண்டுகளுக்கு, வரிக்குரிய வருமானம் இல்லாததாகக் கருதும்படி கேட்டுக் கொள்ளலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பதிவு செய்து, கணக்குத் தாக்கல் செய்து, அதில் குறிப்பிட வேண்டும். "வரி வராதே, எதற்குப் பதிவு?" என்று இருந்தவர்களுக்காகவே 2024ல் தாமதப் பதிவுக்கு 10,000 திர்ஹாம் அபராதம் நிர்ணயித்தார்கள். 4,75,000 திர்ஹாம் லாபம் காட்டுகிற கம்பெனி கட்ட வேண்டிய வரியே 9,000 திர்ஹாம்தான். வரியைவிட அபராதம் பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். "ஃப்ரீ சோன்" என்ற பெயரைச் சொல்லி ஏஜெண்டுகள் ஆசை காட்டுவதும் உண்டு. ஃப்ரீ சோனிலும் பதிவு உண்டு, கணக்கு உண்டு. பூஜ்ய வரிக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. தெருவில் போவோர் வருவோருக்குச் சில்லறை விற்கும் கடைக்கு அது பொதுவாகப் பொருந்துவதில்லை.

சிங்கப்பூரிலும் இதே நிலைதான். அங்கே பொருள், சேவை வரி 2023ல் 7லிருந்து 8 சதவீதமாகி, 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதமானது. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கம்பெனி லாபத்துக்கு வரி 17 சதவீதம். புதிய, சிறிய கம்பெனிகளுக்கு ஓரளவு விலக்கு உண்டு. அந்நாட்டில் வசிக்கும் டைரக்டர் ஒருவராவது இருக்க வேண்டும். கம்பெனி தொடங்கி 6 மாதத்துக்குள் செக்ரட்டரி நியமிக்க வேண்டும். உள்ளூர் டைரக்டராகப் பெயருக்கு ஒருவரைப் போட்டுவிட்டு மறந்து விடலாம் என்று நினைப்பவர்கள், கணக்கு தாக்கலாகாவிட்டால் சட்டம் முதலில் டைரக்டரைத்தான் கேட்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்று கையிருப்பு எண்கள்

இனி இந்தக் கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். நம் வியாபாரத்தில் ஒரு நோய் உண்டு. ஒரே கடையின் சரக்கு இருப்பை மூன்று விதமாக எழுதுவது. வருமான வரிக்காரருக்குக் குறைத்து ஒன்று. வங்கியில் ஓ.டி. வாங்குவதற்குக் கூட்டி ஒன்று. இன்சூரன்ஸ் பிரீமியத்தை மிச்சப்படுத்துவதற்குக் குறைத்து இன்னொன்று. இங்கே இது தவறு. கடல் தாண்டிய கடையில் இது தற்கொலைக்குச் சமம்.

2024 ஏப்ரல் 16ஆம் தேதி அமீரகத்தில் பெய்த மழையை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அல் அய்ன் பகுதியில் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. 75 ஆண்டுகளில் இப்படிப் பெய்ததில்லை என்று அந்நாட்டு வானிலை மையம் சொன்னது. பாலைவனத்தில் வெள்ளமா என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2015 டிசம்பரில் சென்னையையும் 2021 நவம்பரில் பாலாற்றையும் பார்த்த நமக்கு, தண்ணீர் கடைக்குள் புகுந்தால் அரிசி மூட்டையும் சர்க்கரை மூட்டையும் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் பாலிசியில் பலரும் படிக்காத விதி ஒன்று உண்டு. உள்ள சரக்கின் மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குப் பாலிசி எடுத்திருந்தால், நஷ்ட ஈடும் அதே விகிதத்தில் குறையும். ஓர் உதாரணம் பார்ப்போம். கடையில் 4 லட்சம் திர்ஹாம் சரக்கு இருக்கிறது. பிரீமியத்தை மிச்சப்படுத்த 2 லட்சத்துக்குத்தான் பாலிசி. வெள்ளத்தில் 1 லட்சம் திர்ஹாம் சரக்கு கெட்டுவிட்டது. "2 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது, 1 லட்சம்தானே நஷ்டம், முழுவதும் வந்துவிடும்" என்று கடைக்காரர் நினைப்பார். வருவது 50,000தான். பாதிக்குப் பாலிசி எடுத்தவருக்குப் பாதி நஷ்ட ஈடு. அதற்கும் முதலில் பாலிசியில் வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். தீ விபத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு, "இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று இருந்தால் அதுவும் வராது.

அடுத்து சர்வேயர் வருவார். நனைந்த மூட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார். கொள்முதல் பில், சரக்குப் பதிவேடு, கடைசியாகத் தாக்கல் செய்த வாட் கணக்கு, ஆண்டுக் கணக்கு எல்லாவற்றையும் கேட்பார். வரிக் கணக்கில் 1½ லட்சம் இருப்பு என்று எழுதியவர், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் 4 லட்சம் என்று எப்படிச் சொல்வார்? 4 லட்சம் என்று நிரூபித்தால் வரி அதிகாரி கேட்பார். 1½ லட்சம் என்று ஒப்புக்கொண்டால் நஷ்ட ஈடு போகும். வங்கிக்குக் கொடுத்த மூன்றாவது எண் வெளியே வந்தால் கடனும் சிக்கலாகும். இப்படித்தான் வரியில் மிச்சம் பிடித்த தொகை இன்சூரன்சில் பன்மடங்காகப் போய்விடுகிறது. எனவே கணக்கும் இன்சூரன்சும் வரியும் தனித்தனியான மூன்று தொல்லைகள் என்று நினைப்பதே தவறு. மூன்றும் ஒரே சரக்கு இருப்பு எண்ணின் மேல் நிற்பவை. அந்த ஓர் எண் உண்மையாக இருந்தால் மூன்றும் நிற்கும். அது பொய்யானால் மூன்றும் சேர்ந்து விழும்.

ஆட்களுக்குச் சேரும் கடன்

சரக்குக்கு அடுத்தது வேலையாட்கள். துபாயில் ஊழியருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துத் தருவது முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. 2025 ஜனவரி 1 முதல் மற்ற வட பகுதி அமீரகங்களிலும் அது கட்டாயமானது. சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி வைக்கும் பழக்கமும் அங்கே செல்லாது. 2009 முதலே வங்கி வழியாகச் சம்பளம் கொடுத்துக் கணக்குக் காட்டும் முறை இருக்கிறது. சிங்கப்பூரில் உடல் உழைப்பு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், வேலையிடக் காய இன்சூரன்ஸ் கட்டாயம்.

இதைத் தவிர, கண்ணுக்குத் தெரியாத கடன் ஒன்று மாதா மாதம் ஏறிக்கொண்டே போகும். அமீரகச் சட்டப்படி ஓராண்டு முடித்த ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் என்று பணிக்கொடை தர வேண்டும். அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹாம் என்றால் ஆண்டுக்கு 1,050. நான்கு பேர் 5 ஆண்டு வேலை செய்தால் 21,000 திர்ஹாம். இதை ஆண்டுதோறும் கணக்கில் கடனாக எழுதாதவர், தன் கையில் லாபம் இருப்பதாக நினைத்து ஊருக்குப் பணம் அனுப்பிவிடுவார். பிறகு இருவர் ஒரே மாதத்தில் கணக்கை முடித்துக் கேட்டால், லாங் பஜார்க் கடையிலிருந்து பணம் அனுப்பச் சொல்லிப் போன் வரும். வேலியில் விழும் முதல் ஓட்டை இதுதான்.

வாடகை விஷயத்திலும் கவனம் தேவை. துபாயில் கடை வாடகைக்குப் பின் தேதியிட்ட செக்குகளை முன்கூட்டியே வாங்கிக் கொள்வது வழக்கம். முன்பு செக் திரும்பினால் குற்ற வழக்கு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை. ஆனால் செக் வைத்திருப்பவர் நேரடியாக நீதிமன்ற வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். ஆகவே அந்தச் செக்கில் கம்பெனி சார்பாகக் கையெழுத்திடுகிறோமா, சொந்தக் கணக்கிலிருந்து கொடுக்கிறோமா என்பது மிக முக்கியம். சொந்தக் கணக்குச் செக்கைக் கொடுத்தவர், "கம்பெனி லிமிடெட், என் பொறுப்பு முதலீட்டோடு சரி" என்று பிறகு சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்துக் கடமை

அங்கே எல்லாம் சரியாக இருந்தாலும், இங்கே உள்ளவருக்கும் கடமைகள் உண்டு. இதைப் பற்றித்தான் நம் உறுப்பினர்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறது.

இந்தியாவில் வசிக்கும் தனி நபர் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2022 ஆகஸ்டு 22ஆம் தேதி வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, அந்த வரம்புக்குள் வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கும் வாங்கலாம். ஆனால் வங்கியில் அதற்குரிய படிவம் கொடுத்து, முதலீடு என்று சொல்லியே அனுப்ப வேண்டும். பங்குப் பத்திரத்தை 6 மாதத்துக்குள் வங்கியில் சேர்க்க வேண்டும். 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவரும், நிர்வாகம் கையில் உள்ளவரும் அந்தக் கம்பெனி எப்படி நடக்கிறது என்பதற்கான ஆண்டறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் வங்கி மூலம் தர வேண்டும். அது அந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கிலிருந்து எடுத்து எழுத வேண்டிய அறிக்கை. அங்கே கணக்கு இல்லையென்றால் இங்கே அறிக்கை இல்லை. அறிக்கை இல்லையென்றால் கடை நெருக்கடியில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் பணம் அனுப்ப நினைத்தாலும் வங்கி அனுப்பாது.

அனுப்பும்போதே பிடிக்கப்படும் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், மேற்பட்ட தொகையில் 20 சதவீதத்தை வங்கி முன்வரியாக வசூலிக்கும். 30 லட்சம் அனுப்புகிறவருக்கு 4 லட்சம். இது பின்னர் வருமான வரியில் கழித்துக் கொள்ளக் கூடியதுதான். ஆனால் அதுவரை அந்த 4 லட்சம் கடையில் சரக்காக நிற்காது. நடைமுதல் போடும்போது இதை மறந்தவர்கள் கந்து வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார்கள்.

வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருப்பவர் இங்கே வசிப்பவர் ஆகிறார். பல ஆண்டுகளாக இங்கேயே வசித்து வரும் வணிகர் அங்குள்ள பங்கு, வங்கிக் கணக்கு, கையெழுத்து அதிகாரம் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். அங்கிருந்து வரும் லாபப் பங்குக்கு இங்கே வரி உண்டு. அங்கே அதற்காகக் கட்டிய வரி இருந்தால், ஒப்பந்தப்படி இங்கே கழித்துக் கொள்ளலாம். எழுதாமல் விட்டால் 2015ஆம் ஆண்டு கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு இந்த அபராதத்திலிருந்து விலக்கு வந்தது. ஆனால் எழுத வேண்டிய கடமை போய்விடவில்லை.

"அங்கே உள்ளது இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அமீரகம், சிங்கப்பூர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் தாமாகவே பரிமாறிக் கொள்கின்றன. 2024 நவம்பரில் வருமான வரித்துறை இந்த விவரங்களை வைத்துக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியதும், 24,000 பேருக்கு மேல் தங்கள் கணக்கை மறுபடி பார்த்துத் திருத்தினார்கள். அப்படி வெளிவந்த வெளிநாட்டுச் சொத்து 29,000 கோடி ரூபாய்க்கும் மேல். குறுஞ்செய்தி வந்தபின் திருத்துவதைவிட முதலிலேயே எழுதுவது மானமாக இருக்கும்.

உண்டியல் வழியாகப் பணம் அனுப்புவதைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உண்டியலில் போன பணத்துக்கு இரண்டு நாட்டிலும் கணக்கு இல்லை. அங்கே அதை முதலாகக் காட்ட முடியாது, இங்கே திரும்பக் கொண்டுவர முடியாது. பிடிபட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமுண்டு. சொந்தக்காரர்கள் ஆளுக்கு 5 லட்சம் என்று போட்டு ஒருவர் பெயரில் வாய்மொழியாகப் பங்கு சேர்வதும் இதே ரகம்தான். பங்குப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் பங்குதாரர் அல்ல. கடன் பத்திரம் இல்லாதவர் கடன்காரரும் அல்ல. கடை நன்றாக நடந்தால் அவர் உறவினர், நஷ்டமானால் அவர் எதிரி. அமீரகத்தில் உள்நாட்டவருக்கு 51 சதவீதம் கொடுத்தால்தான் கம்பெனி என்றிருந்த கட்டாயம் 2021 ஜூன் 1 முதல் பெரும்பாலான தொழில்களுக்கு நீங்கிவிட்டது. இன்னும் பிறர் பெயரில் ஒளிந்து கடை நடத்த வேண்டிய அவசியம் நம்மவர்களுக்கு இல்லை.

நகரத்தார் காட்டிய வழியும் அவர்கள் பட்ட பாடும்

வெளிநாட்டில் வியாபாரம் நமக்குப் புதிதல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கையில் லேவாதேவி நடத்திய முறையை நாம் படிக்க வேண்டும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்த ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். நாள்வழிக் கணக்கும் பேரேடும் எழுதி, ஊருக்கு ஒழுங்காகக் கணக்கு அனுப்பி, தவணை முடிவில் ஐந்தொகை எடுத்துக் காட்டிய பிறகே அடுத்தவரிடம் கடை ஒப்படைக்கப்படும். தந்தி தவிர வேறு வசதி இல்லாத காலத்தில், கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே முதலாளி தன் கடையைக் கண்ணால் பார்ப்பது போல் பார்க்க முடிந்தது. இன்று கையில் போன் இருந்தும், மகனின் கடையில் நேற்று எவ்வளவு விற்பனை என்று தெரியாத அப்பாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

வரி விதி மாறும் என்பதையும் அவர்கள் அனுபவித்தார்கள். 1922ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டு லாபத்தை இங்கே கொண்டுவந்தால்தான் வரி. 1939ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இங்கே வசிப்பவர் வெளிநாட்டில் ஈட்டிய லாபம் இங்கே வராவிட்டாலும் வரிக்கு உட்பட்டது. 4,500 ரூபாய் மட்டும் கழிவு. 1937ல் பர்மா தனி நாடாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், நேற்றுவரை உள்நாட்டு வருமானமாக இருந்தது வெளிநாட்டு வருமானமாகிவிட்டது. "வரி இல்லை" என்ற சொல் எந்த நாட்டிலும் நிரந்தரமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர்கள் பட்ட பாடும் நமக்குப் பாடம். 1930களின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலம் 1938ல் சுமார் 25 சதவீதமானது. 1942ல் ஜப்பானியப் படையெடுப்பில் ஓடி வந்தார்கள். 1948ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில தேசியமயச் சட்டம் வந்தது. எவ்வளவு நேர்த்தியான கணக்கும் போரையும் சட்ட மாற்றத்தையும் தடுக்காது, அதற்கு இன்சூரன்சும் கிடைக்காது. எனவே அங்கே போடும் முதல் முழுவதும் போனாலும் இங்கே அடுப்பு எரியும் என்ற அளவுக்கு மட்டுமே போட வேண்டும். அந்த அளவு எது என்று தெரிய வேண்டுமானாலும் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா கடை வேறு, மகன் கடை வேறு

வேலி உடைவது பெரும்பாலும் பாசத்தால்தான். "நம்ம பையன் கடைதானே" என்று பில் இல்லாமல் சரக்கு அனுப்புவது, லாங் பஜார்க் கடையின் பெயரில் கடன் வாங்கி அங்கே போடுவது, அங்கே வசூலான பணத்தில் இங்கே கல்யாணச் செலவு செய்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். சட்டத்தின் கண்ணில் அந்தக் கம்பெனி தனி ஆள். அதற்கு அனுப்பும் சரக்கு ஏற்றுமதி. ஏற்றுமதிக் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி. பில், சுங்கத் தாள், சரியான விலை, குறித்த காலத்துக்குள் வங்கி வழியாகப் பணம் எல்லாம் வேண்டும். நம் பக்கத்து ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதியாளர்களுக்கு இது அன்றாட வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் தராமல் போனால் என்ன செய்வது என்பதற்காக, 1957 முதல் இயங்கும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தில் இன்சூரன்ஸ் எடுப்பதும் அவர்களுக்குப் பழக்கம். மளிகைக்காரர்களாகிய நாம் அவர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்து கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

சிலர் சொல்லக்கூடும்: "சின்னக் கடைக்கு இவ்வளவு செலவு தாங்குமா? ஆடிட்டர், இன்சூரன்ஸ், வங்கிக் கட்டணம் என்று போனால் லாபம் எங்கே?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். அந்தச் செலவை வாடகை, லைசென்ஸ் செலவோடு சேர்த்து முதலிலேயே எழுதுங்கள். எழுதிய பிறகும் லாபம் நின்றால் கடையைத் திறக்கலாம். நிற்காவிட்டால் அந்தக் கடை முதலிலிருந்தே நஷ்டக் கடை. செலவை மறைத்ததால் லாபம் போலத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது சும்மா சொன்ன பழமொழியல்ல.

இளைஞர்களைப் பயமுறுத்தி முடக்குகிறோமா என்றும் கேட்கலாம். 2007 ஜனவரியில் வாட் வந்தபோதும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும் நாமும் பயந்தோம். போராடினோம். கணக்கை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் இரண்டையும் தாண்டி வந்தார்கள். வைக்காதவர்கள்தான் நோட்டீசுக்குப் பதில் எழுதத் தெரியாமல் தவித்தார்கள். பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய சீதனம் முதல் பணம் மட்டுமல்ல, கணக்கு எழுதும் பழக்கமும்தான். லாங் பஜாரில் ஓராண்டு உட்கார்ந்து நாள்வழி எழுதாத பையன், துபாய்க்குப் போய் எழுதுவான் என்று நம்புவது வீண்.

ஆகவே நம் சங்கம் ஒரு நடைமுறை ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று வேண்டுகிறேன். ஆண்டுக்கு ஒரு நாள், அந்நியச் செலாவணி பார்க்கும் வங்கி அதிகாரி, ஆடிட்டர், இன்சூரன்ஸ் சர்வேயர் மூவரையும் அழைத்து வகுப்பு நடத்தலாம். டிசம்பர் 31 ஆண்டறிக்கை, வாட் காலாண்டுத் தாக்கல், கம்பெனி வரித் தாக்கல் ஆகியவற்றின் கெடு தேதிகளை இந்த இதழிலேயே அட்டவணையாக வெளியிடலாம். உறுப்பினர்கள் பக்கத்தில், உறவினர் கடைக்குப் பங்குப் பணம் கொடுக்கும் முன் நான்கு தாள்களைக் கேட்டு வாங்கும் வழக்கம் வர வேண்டும்: கம்பெனிப் பங்குப் பதிவேட்டின் நகல், வங்கி வழியாகப் பணம் போனதற்கான சான்று, இன்சூரன்ஸ் பாலிசி, கடைசி ஆண்டுக் கணக்கு. புதுக் கடையானால் கடைசித் தாளுக்குப் பதில், கணக்கு எழுதப் போகிறவர் யார் என்ற ஒப்பந்தம். இந்த நான்கையும் தர மறுப்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், அவருக்குக் கல்யாணத்தில் மொய் எழுதலாம். பங்குப் பணம் கொடுக்கக் கூடாது.